மாப்பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி

நான் ஒரு கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒரே பேச்சைத்தான் பேசுவேன். அந்த நாவல்களில் யாராவது ஒருவர் புதுக் கோட்டும் புதுப் பெயருமாக லண்டனில் வந்து இறங்குவார். தான் இன்னார் என்று அவர் சொல்வதை ஊர் நம்பும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, நாலு பேர் கூடித் தேநீர் குடிக்கிற ஒரு பின்நேரத்தில், அவருடைய பழைய வாழ்க்கை வந்து கதவைத் தட்டும். மாணவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பின்நேரம் இருந்தது என்று நான் அவர்களுக்குச் சொன்னதில்லை.

என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, ஜெர்மனியிலிருந்து லண்டன் ஹரோவுக்கு எங்களோடு இருக்க வந்தபோது எனக்குப் பத்து வயது. கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், ஒரு தையல் மெஷின், எனக்கென்று ஒரு பை நிறைய சொக்லேட். வாசலுக்கு மேலே இருந்த சின்ன அறையை அவருக்குக் கொடுத்தோம். மெஷினை வைத்தால் கட்டிலை வைக்க இடமில்லை, கட்டிலை வைத்தால் மெஷினை வைக்க இடமில்லை. கடைசியில் மெஷின் குசினிக்கு வந்தது. வந்த மாதமே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சலவைக்கடையில், உடுப்புகளைப் பிரித்து அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலையையும் பிடித்துவிட்டார்.

சித்திக்குத் தமிழும் ஜெர்மனும் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம்தான் மக்கர் பண்ணியது. அதற்கு அவர் கண்ட வழி, லைப்ரரியில் பிள்ளைகளுக்கென்று இருந்த பழைய நாவல்களின் சுருக்கப் பதிப்புகள். ஆயிரம் பக்கத்தைப் பிழிந்து நூறாக்கி, இடையிடையே படமும் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் குசினி மேசையில் இருந்து சத்தமாக வாசிப்பேன். சித்தி யாருடையதோ காற்சட்டையின் நீளத்தைக் குறைத்தபடி கேட்பார். எனக்குத் தமிழ் வராத இடங்களை அவர் ஊகித்துக்கொள்வார், அவருக்கு ஆங்கிலம் விளங்காத இடங்களை நான் புளுகி நிரப்புவேன். இப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பெரிய நாவல்களை ஒரு வழி பண்ணினோம்.

ஒரு கதையில் ஒரு பெண் தன் பெயரை மறைத்து, வேறொரு பெயரில் தூரத்து ஊரில் வேலைக்குப் போவாள். அது பொய் அல்லவா, அவளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று நான் நீதிபதிபோலச் சொன்னேன். சித்தி பல்லில் கடித்திருந்த நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உடுப்பைப் பிரிச்சு அளவுக்குத் தைக்கிறது பொய்யே? துணி அதே துணிதானே, பிள்ளை."

அந்தப் பெண்ணின் அப்பா இறக்கும் இடத்தில் சித்தி அழுதார். அழுகிறீர்களா என்று கேட்டதற்கு, இல்லை, வெங்காயம் என்றார். அன்று வீட்டில் பாணும் பருப்பும்தான். குசினியில் வெங்காயமே உரிக்கவில்லை.

இன்னொரு நாள், நாங்கள் வாசிக்காத ஒரு கதை தனக்குத் தெரியும் என்று அவரே தொடங்கினார். ஒரு பெண் கூறைச்சேலையைச் சூட்கேஸில் மடித்து வைத்துக்கொண்டு, படத்தில் மட்டும் பார்த்த ஒருவனைக் கலியாணம் செய்வதற்காகக் குளிர்நாடொன்றுக்குப் போனாளாம். விமான நிலையத்தில் அவளைக் கூட்டிப்போக அவன் வரவில்லை. அவனுடைய சிநேகிதன் ஒருவன்தான் வந்தான். கலியாணம் செய்ய இருந்தவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்ல அந்தச் சிநேகிதனுக்கு இரண்டு நாள் பிடித்ததாம்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு என்ன, அவள் வேலைக்குப் போனாள்."

இதெல்லாம் ஒரு கதையா, முடிவே இல்லையே என்று நான் கேட்கவில்லை. சொக்லேட் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு நாள் சித்தியின் சூட்கேஸைக் கிளறியபோது, அடியில் சிவப்பும் பொன்னுமாக ஒரு சேலை மடிப்புக் குலையாமல் இருந்ததைக் கண்டிருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுப் பதிப்பு வேறு. சித்தி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர், தம்பிமாரைப் படிப்பித்துக் கரைசேர்த்ததில் தன் கலியாணத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் போனவர். இதை அளவெடுத்துத் தைத்தவர் என் அப்பா. கோயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கடைசியில் அவரே நம்பத் தொடங்கியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கலியாணத்துக்கென்று விமானம் ஏறிக் கலியாணமாகாமல் நின்ற பெண்ணை எங்கள் சனம் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. குற்றம் அவனுடையதாக இருந்தாலும் அந்தப் பார்வை அவளுக்குத்தான். அது சித்தியின்மேல் விழாமல் இருக்க, அப்பாவுக்குத் தெரிந்த குடை அது ஒன்றுதான்.

எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாவல்களை வாசித்தவளுக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதா? என்றோ ஒருநாள் கதவு தட்டப்படும், எல்லாம் வெளியே வரும். சித்தியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆகவே யாரும் கேட்காமலே நான் காவலுக்கு நின்றேன்.

சனிக்கிழமைகளில் எனக்குத் தமிழ் வகுப்பு. என்னைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையைச் சித்தி தானாகவே எடுத்துக்கொண்டார். அதற்கென்று நல்ல கோட்டைப் போடுவார், தலையை இரண்டு தரம் வாரி இழுப்பார். மழையென்றாலும் பனியென்றாலும் போயே ஆகவேண்டும். ஒரு முறை எனக்கே காய்ச்சல். அன்றும், மத்தியானத்துக்குள் விட்டுவிடும், போய்ப் பார்ப்போம் என்றார். கிழமை முழுக்க மெஷினோடு மாரடிக்கிறாய், ஒரு நாளாவது படுத்து எழும்பு, பிள்ளையை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அம்மா சொன்னால், சித்திக்கு முகம் விழுந்துவிடும்.

"நீங்கள் சமையலைப் பாருங்கோ அக்கா. பிள்ளைக்கு என்னோடை வந்துதான் பழக்கம்."

தமிழின்மேல் இவருக்கு இவ்வளவு பற்றா என்று அப்பா வியந்தார். நான் வகுப்பில் ணகர னகரங்களோடு மல்லுக்கட்டும் நேரத்தில் சித்தி லைப்ரரியில் இருப்பார். வகுப்பு விட்டதும் புதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். வாசிக்கத் தொடங்கும் முன்பே அதன் கதை அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

"இதிலை கடைசியிலை கலியாணம் நடக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"லைப்ரரியிலை சொன்னவை."

கண்ணாடி போட்ட, பொறுமையான ஒரு லைப்ரரிக்காரியை நான் மனதில் படமாக வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் சித்தி ஒரு சட்டை தைக்கத் துணி எடுக்கவென்று டூட்டிங்கில் இருந்த ஒரு சேலைக்கடைக்குப் போய்வந்தார். லண்டனில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒரு சட்டைத் துணிக்கு. அந்தக் கடைக்கார அன்ரி சேலையோடு சம்பந்தமும் பேசுபவர். இரண்டு கிழமை கழித்து அவரே எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், மலேசியா. படிக்க வந்து இங்கேயே தங்கி, கவுன்சிலில் கட்டட இன்ஜினியராக வேலை பார்க்கிறார். தாத்தா அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குப் போனவர். தாய் வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்ததால் அவருடைய கலியாணம் தள்ளிப்போய்விட்டது. அம்மா போனை வைத்துவிட்டு அழுதார். அப்பா மலாயா ரயில்வே என்ற இரண்டு சொல்லிலேயே பாதி சம்மதித்துவிட்டார். சித்தியைக் கேட்டபோது அவர் தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அத்தான். எனக்கு என்ன தெரியும்."

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு அடக்கமா என்று அப்பாவுக்குக் கண் கலங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, டூட்டிங் அன்ரி. மாப்பிள்ளை ஒல்லியாக உயரமாக, எங்கள் கதவு நிலையில் தலை இடித்துவிடுமோ என்று குனிந்து வந்தார். முன்னறையில் இருந்த நாற்காலிகளில் எதில் இருப்பது என்று தெரியாமல் நின்று, எல்லாவற்றிலும் தாழ்வான ஒன்றைப் பிடித்து அதில் மடங்கி இருந்தார். அக்காக்காரி மட்டும் நல்ல நிமிர்வு. சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே கழற்றி, பின்பக்கம் பார்த்து, திரும்ப மாட்டினார். கதவைத் தட்டப் போகிறவர் இவர்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

சித்தி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தார். பச்சைச் சேலை, தலையில் பூ. அப்பா அப்போது டூட்டிங் அன்ரியிடம், வார இறுதிகளில் மெட்ரோபொலிட்டன் ரயில் லைனை மூடிவிடுகிற அநியாயத்தைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார். அக்காக்காரியின் கண் இன்னும் சுவரில் இருந்தது. சித்தி குனிந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பளத்தில் இருந்தேன். அதனால் அவருடைய கோப்பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரிந்தது. அதில் பால் இல்லை. வெறுந்தேத்தண்ணி. பக்கத்தில் ஒரு சிறு துண்டு பனங்கட்டி.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் லண்டன் எட்மண்டனில் அப்பாவின் உறவினர் ஒருவருடைய செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே எல்லாருக்கும் வெறுந்தேத்தண்ணி கொடுத்தார்கள். ஏன் பால் விடவில்லை என்று கேட்டதற்கு, செத்தவீட்டில் அப்படித்தான், நல்ல காரியத்துக்கு வந்த ஆளுக்கு மறந்தும் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். இங்கே வந்திருப்பது மாப்பிள்ளை. பாவம், சித்தி பதற்றத்தில் பால் விட மறந்துபோனார். அக்காக்காரி சுவரிலிருந்து திரும்பினால் எல்லாம் முடிந்தது.

நான் எழுந்து அவருடைய கையிலிருந்த கோப்பையைப் பிடித்தேன்.

"அங்கிள், இது என்ர தேத்தண்ணி."

அவர் கோப்பையை உடனே விடவில்லை. ஆசையாக ஏதோ கிடைத்து, அதைப் பறிகொடுக்கும் பிள்ளையின் முகம் அவருக்கு. பிறகு விட்டார். தட்டத்தில் அம்மாவுக்கென்று இருந்த, தடித்த பால் விட்ட கோப்பையை எடுத்து நான் அவருக்குக் கொடுத்தேன். சித்தி என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. பயப்படாதீர்கள், நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லும் விதமாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். நாவல்களில் கதாநாயகியின் உண்மையான தோழி அப்படித்தான் சிரிப்பாள். திரும்பிப் போகும்போது சித்தி என் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார்.

சரியாக அப்போதுதான் அக்காக்காரி வாயைத் திறந்தார்.

"ஜெர்மனில இவ்ளோ வருஷம் தனியாவா இருந்தாங்க? ஒரு வரன்கூடவா வரல?"

அப்பா தம்பிமாரின் படிப்பைத் தொடங்கினார். ஆனால் வழக்கமான சரளம் இல்லை. மூத்த தம்பி என்ன படித்தார் என்று அக்காக்காரி கேட்க, அப்பா ஒரு படிப்பைச் சொல்ல, அம்மா அதே நேரத்தில் வேறொரு படிப்பைச் சொன்னார். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை பால் தேத்தண்ணியைத் தூக்கி, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு எழும்பினார்.

"தோட்டம் பார்க்கலாமா? வீட்டுக்குப் பின்னால தோட்டம் இருக்குன்னு…" என்று இழுத்தவர், "எல்லா வீட்லயும் இருக்குமே" என்று முடித்தார்.

என்னைக் காட்டச் சொன்னார்கள். தோட்டத்தில் காட்ட ஒன்றும் இல்லை. கொஞ்சம் புல், ஒரு கறிவேப்பிலைச் சாடி, சாமான் போட்டுவைக்கும் ஒரு கொட்டில், அப்பா திருத்துவதாகச் சொல்லி வைத்திருந்த ஒரு சைக்கிள். மாப்பிள்ளை கொட்டிலுக்குப் பின்னால் போய், அதில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். முகம் வெளிறிவிட்டது. அக்காவின் கேள்வி அவரை இப்படி உலுக்கிவிட்டது, கலியாணம் கைவிட்டுப் போகிறது என்று எனக்கு விளங்கியது. இனி என்னிடம் ஒரு வழிதான் மிச்சம். அந்த நாவல்களில் பெண்ணின் கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும், கடல்கடந்த நாட்டில் ஒரு பெரியப்பா செத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

"சித்திக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். மலாயாவிலை. ரப்பர் தோட்டம் முழுக்கச் சித்திக்குத்தான் எழுதப்போறாராம்" என்றேன். எதிரே நிற்பவர் மலேசியாக்காரர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் கொட்டிலிலிருந்து கையை எடுத்தார்.

"மலேசியாவிலயா? பெரிய எஸ்டேட்டா?"

"கண்ணுக்கெட்டின தூரம்."

"யானை இருக்கா?"

"ரெண்டு."

"ஆமா, அந்தப் பக்கம் இருக்கும்" என்றார், மிகவும் யோசித்து. பிறகு புல்லைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சரி, ஒருவேளை அந்த எஸ்டேட் வரலன்னா?"

இதற்கு என்னிடம் கதை இருக்கவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன்.

"வராட்டிலும் சித்தி நல்லவ. புத்தகம் வாசிக்கேக்கை அழுவா. கேட்டால் வெங்காயம் எண்டு சொல்லுவா."

"தெரியும்" என்றார் அவர்.

உள்ளே போனதும், அக்கா அடுத்த கேள்விக்கு வாய் திறக்கும் முன்பு, தனக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார், அவரும் பெருமூச்சோடு படங்களை விட்டுவிட்டார். அம்மா சாமியறைக்கு ஓடினார். சித்தி குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பைத் திருகினார். நான் ஒரு மூலையில் இருந்து, என் பொய்க்குச் சாட்சியாக, சீனி இல்லாத அந்தக் கறுத்த தேத்தண்ணியைக் கடைசித் துளி வரை குடிக்க வேண்டியதாயிற்று.

கலியாணம் முடியும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரப்பர் தோட்டம் எங்கே என்று அவர் எந்த நேரமும் கேட்கலாம். மணவறையில் சூட்கேஸின் அடியிலிருந்த அதே கூறைச்சேலையோடு சித்தி இருந்தார். இது புதுச் சேலை இல்லையே என்று யாரோ கேட்க, ஜெர்மனியில் மலிவுவிலையில் எடுத்து வைத்தது என்று அம்மா சொன்னார். தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதத்துக்கு வரிசையில் போனபோது, புதுச் சித்தப்பா குனிந்து என் காதில், "பெரியப்பாவுக்கு நான் விசாரிச்சேன்னு சொல்லு. யானைங்களுக்கும்" என்றார். அவர் இன்னும் எஸ்டேட்டை நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்கள் எட்மண்டனில் வீடு எடுத்தார்கள். வருடங்கள் போயின. நான் பல்கலைக்கழகத்தில் அதே நாவல்களைப் பிழியாத பதிப்பில், ஆயிரம் பக்கங்களாக வாசிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு விடுமுறை நாள் பின்நேரம் சித்தியின் குசினியில் இருந்தேன். சித்தப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினார். சித்தி என்னோடு பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே, ஒரு கோப்பையில் வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியைப் பக்கத்தில் வைத்து நீட்டினார். அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, ஒரு வாய் குடித்தாலும் வயிற்றைப் பிரட்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நானும் எத்தனையோ தடவை பார்த்த கோப்பைதான். அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

"சித்தி, முதல் நாள் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் நீங்கள் இவருக்கு வெறுந்தேத்தண்ணிதானே குடுத்தனீங்கள்?"

சித்தப்பா கோப்பையோடு நைசாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"ஓம்" என்றார் சித்தி. "கை பழக்கத்திலை ஊத்திப்போட்டுது. லைப்ரரிக்குக் கீழை ஒரு கன்ரீன் இருந்தது, நினைவிருக்கே? ஒவ்வொரு சனியும் இவருக்கு நான்தான் வாங்கிக்கொண்டு வாறனான். பனங்கட்டி என்ர பையுக்கை இருக்கும்."

"ஜெர்மனிக் கதை?"

"அதெல்லாம் ரெண்டாம் சனிக்கிழமையே சொல்லிப்போட்டன்." சிரித்தார். "கொப்பா பாவம். அவர் பாத்துக் கட்டிவைச்ச கலியாணமாகவே இருக்கட்டும். நீ ஒண்டும் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. தான் பார்த்துக் கட்டிவைத்த கலியாணம் எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று அப்பா இன்றும் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி அவரைவிடக் கெட்டிக்காரத் தையல்காரி. அப்பாவுக்கு ஒரு அடக்கமான மைத்துனி, டூட்டிங் அன்ரிக்கு ஒரு தரகுப் பேர், தனக்கு ஒரு துணை என்று எல்லாருக்கும் அளவெடுத்து, ஊர் வாயில் விழாமல் ஒரு முழுக் கதையைத் தைத்து முடித்திருந்தார். ஒரே ஒரு தையல் மட்டும் வெளியே தெரிந்துவிட்டது.

அந்த நாவல்களின் விதி பொய்க்கவில்லை. தேநீர் நேரத்தில்தான் உண்மை வந்தது. கதவைத் தட்டாமல், ஒரு கோப்பைக்குள், பால் விடாமல், எல்லாருக்கும் நடுவில் வந்து இருந்தது. அப்பா திரும்பிப் பார்த்திருந்தால் ஏன் பால் விடவில்லை என்று கேட்டிருப்பார், இவருக்குப் பால் ஆகாது என்பது சித்திக்கு முன்பே தெரியும் என்பதும் வெளியே வந்திருக்கும். காவலுக்கு நின்ற நான் அதை வாங்கி, ஒரு மூலையில் இருந்து, ஒரு துளி விடாமல் குடித்துவிட்டேன். பயங்கரக் கசப்பு என்பது மட்டும்தான் எனக்கு அன்றைக்கு விளங்கியது.